பிரேக்கைத் தொட்ட விரல்கள்

எந்தக் கண்ணாடி? தோளைச் சுற்றிச் சூட்டுப் பையை வைத்துக் கட்டிவிட்டு, "சூடு தாங்குதுங்ளாக்கா?" என்று பிசியோதெரபி செய்யும் பெனாசிர் கேட்டதற்குத் தலையை ஆட்டினாளே ஒழிய, கோகிலவாணிக்குச் சூடும் உறைக்கவில்லை, கேள்வியும் உறைக்கவில்லை. காலையில் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே குமரன் சொன்ன ஒரு சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனுஷன்தான் குமரன். கட்டிய பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமையானால் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு ரேஸ் ட்ராக்கில் பைக் ஓட்டப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தபோதெல்லாம், "ஓட்டட்டுமுங்க, எனக்கு ஸ்கூட்டரே தகராறு, வீட்டுல ஒருத்தராவது ஒழுங்கா ஓட்டட்டும்" என்று சிரித்துச் சமாளித்தவன். அவள் விழுந்து ஐந்து மாதமாக அந்தப் பேச்சையே எடுக்காதவன், இனி ஓட்டப் போவதில்லை என்று அவள் நேற்று சொன்னதும் மனசு லேசாகி, இன்றைக்கு வாயைத் திறந்துவிட்டான். "நீயே முடிவெடுத்தது நல்லதும்மா. ஜெகா அன்னிக்கே ஆஸ்பத்திரில சொன்னான். கண்ணாடில பார்த்தானாம், வளைவுல நீ பிரேக்கப் புடிச்சுட்டியாம். உம்மனசு கஷ்டப்படும்னுதான் நான் சொல்லாம இருந்தேன்." சொல்லிவிட்டு இன்னொரு இட்லியும் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தானாம். ட்ராக்கில் ஓடுகிற வண்டிக்கு ஏது கண்ணாடி? உள்ளே விடுவதற்கு முன்னால் முதல் வேலையே இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றிப் பெட்டியில் போடுவதுதான். விழுந்தால் சில்லு சிதறும், தவிரப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற ஆசையில் முன்னால் இருப்பதைக் கோட்டை விடுவார்கள். அன்றைக்குக் கூட ஓட்டிய ஜெகா வண்டியின் கண்ணாடியைக் கழற்றியதே அவள்தான். ஸ்பேனர் பிடித்த கை இந்தக் கைதான். ஸ்கூட்டர் ஓட்டுகிற குமரனுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. ஸ்கூட்டருக்குக் கண்ணாடி உண்டு, நம்பிவிட்டான். ஜெகாவுக்குத் தெரியும். தெரிந்துதான், தெரியாத ஆளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். சேச்சே, என்ன நினைப்பு இது, வாய் தவறி வந்திருக்கும். பதற்றத்தில் யாருக்கும் நாக்கு குழறும். அவனைப் போய்.

அவனைப் போய், என்று நினைத்ததுமே வெளியே கூடத்தில் உட்கார்ந்திருப்பவனின் இருமல் கேட்டது. அவன்தான். வாரம் இரண்டு தடவை வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சீட்டைப் பின்னால் தள்ளி, தோளில் பட்டையோடு அவள் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்தச் சாய்பாபா காலனி கிளினிக்குக்கு அழைத்துவந்து, முடியும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விடுகிறவன். காலேஜில் ஒரே வகுப்பு. ஒரே வண்டியை இரண்டு பேரும் மாறி மாறிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டவர்கள். அவளைப் பிற பெண்களைப் போல 'வாங்க போங்க' என்று அழைக்காமல் 'டா' போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள், அதில் அவளுக்கு அப்போதே ஒரு பெருமை. ட்ராக்கில் ஓட்டுகிறவர்களுக்கென்று இவர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தபோது எல்லாவற்றுக்கும் ஜெகாதான் முன்னால் நின்றான். அவன் முன்னால் போக, அவன் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் போவாள். அவன் எங்கே சாய்கிறானோ அங்கே சாய்வாள், அவன் எங்கே முறுக்குகிறானோ அங்கே முறுக்குவாள். அதுதான் பழக்கம். இத்தனைக்கும் விழுந்த முதல் வாரம் அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, முதல் நாளோடு சரி. "அவனுக்கு உன்னப் பார்க்கத் தைரியமில்லம்மா, அழுதுட்டிருக்கான்" என்றான் குமரன். அவளும் உருகிப் போனாள். பிறகு ஒரு கூடை மாதுளையோடு வந்தவன் அன்றிலிருந்து நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டான். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று பம்ப் கம்பெனியில் உடன் வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். சூட்டுப் பை இப்போதுதான் சுட ஆரம்பித்தது. சொன்னால் பெனாசிர் ஓடிவந்து துண்டை மடித்து வைப்பாள். சொல்லத் தோன்றவில்லை.

"இனிச் சுவத்துல ஏத்தலாமுங்க்கா" என்று பெனாசிர் பையை அவிழ்த்தாள். சுவரில் வரிசையாகக் கோடு கிழித்திருக்கும். ஆள்காட்டி விரலும் நடு விரலும் நண்டு மாதிரி ஒன்றை விட்டு ஒன்று ஏற வேண்டும், தோள் போதும் போதும் என்று கெஞ்சும் இடம்வரை. வலது கையின் அதே இரண்டு விரல்கள். பிரேக்கைப் பிடிப்பதற்கென்றே அவள் பழக்கி வைத்த இரண்டு விரல்கள். நான்கு விரலாலும் பிரேக் பிடிப்பவர்கள் ரோட்டுக்காரர்கள், மற்ற இரண்டும் ஆக்ஸிலேட்டர் முறுக்கைவிட்டு இறங்கக் கூடாது என்று மாதக்கணக்கில் பழகினாள், சாப்பிடும்போதுகூட டம்ளரை அப்படித்தான் பிடித்தாள், மாமியார் முறைத்தார். அந்த விரல்கள்தான் அவளைக் கவிழ்த்தன. வண்டி முழுசாகச் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்பது பால்பாடம், தொட்டால் முன்சக்கரம் வழுக்கி வண்டி உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும். மூன்றாவது வளைவில் அவள் தொட்டாள். ஏன் தொட்டாள்? பயந்தாளா? எதைக் கண்டு? எத்தனையோ தடவை சாய்ந்த வளைவு. அதுதான் அவளை அரித்தது. காறை எலும்பில் தகடு வைத்தார்கள், மணிக்கட்டில் திருகாணி போட்டார்கள், அதெல்லாம் சேர்ந்துவிட்டது. இந்த விரல்கள் ஏன் அப்படிச் செய்தன என்பது மட்டும் சேரவில்லை. தன் கையே தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யும் என்றால் அந்தக் கையை நம்பி எப்படி வண்டியில் ஏறுவது? போன மாதம் குமரனின் ஸ்கூட்டரைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாள். ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடிக்கப் பயந்து, பிடிக்காமல் இருக்கவும் பயந்து, காலைத் தேய்த்து நிறுத்தினாள். நாய்கூட நின்று திரும்பிப் பார்த்தது. அன்று ராத்திரி தன் பைக்கை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தாள், நேற்று வாய்விட்டுச் சொன்னாள். "இன்னும் ஒரு கோடுங்க்கா, ஏறும், போன தடவை ஏறுச்சே!" என்றாள் பெனாசிர். ஏறியது. ஏறத்தான் செய்கிறது. பாவம், சொன்னதைக் கேட்கிற விரல்களாகத்தான் தெரிகின்றன.

தொட்டதை நான் பார்த்தேனா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து நின்றுவிட்டது. பார்த்தேனே. கறுப்புக் கையுறை, லீவர் மேல் இரண்டு விரல்கள் மடங்குகின்றன, மேலே ஹெல்மெட்டின் விளிம்பு. தினமும் தூங்குவதற்கு முன்னால் ஓடுகிற படம் அது. ஆனால் அதற்கு முந்தினது? இரண்டாவது வளைவிலிருந்து வெளியே வந்தது ஞாபகம் இருக்கிறது, ஜெகா வண்டியின் பின்பக்கம் ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் வெட்டிவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. அடுத்து வானம், அடுத்து ஆம்புலன்ஸின் கூரை. விழுந்தவர்களுக்கு விழுந்த நிமிஷம் ஞாபகம் இருக்காது, தேடாதீங்க என்று டாக்டரே சொன்னார். அப்படியானால் இந்த விரல்கள் எப்போது வந்தன? முதல் வாரம் இல்லை. முதல் வாரம் குமரனிடம், "எப்படி விழுந்தேன்னே தெரியலீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாதுளையோடு ஜெகா வந்த பிறகு. ஆமாம். அவன்தான் கட்டில் ஓரம் உட்கார்ந்து தோலை உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "நான் பார்க்கலடா, நான் முன்னாடி போயிட்டேன். ஆனா அந்த வளைவுல எல்லாருக்கும் கை பிரேக்குக்குப் போயிரும். உனக்கும் போயிருக்கும். விடு, யாருக்கும் நடக்கறதுதான்." அவளிடம் பார்க்கவில்லை என்றான். குமரனிடம் கண்ணாடியில் பார்த்தேன் என்றான். ஒரே வாய். அவன் சொன்ன பிறகுதான் அவள் தேடிப் பார்த்தாள், இருக்குமோ என்று நினைத்தாள், நினைக்க நினைக்க விரல்கள் மடங்கின, ஒரு வாரத்தில் அது நடந்ததாகவே ஆகிவிட்டது. அவன் ஒரு முத்து ஒரு முத்தாக ஊட்டிவிட்டது மாதுளையை மட்டுமில்லை. அய்யோ. இந்தப் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது, இத்தனை நாள் தெரியவில்லை. அவள் வளைவில் சாய்ந்திருக்கும்போது கையைப் பார்க்கவே மாட்டாள். கண் வளைவின் கடைசியில் இருக்கும். எவருமே கையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதில்லை.

"பந்தைப் புடிங்க்கா, மெதுவா, விடுங்க, மறுபடி" என்று பெனாசிர் பஞ்சுப் பந்தை உள்ளங்கையில் வைத்தாள். அமுக்கினாள், விட்டாள். அப்படியானால் ஏன் விழுந்தேன்? வாசம். ஒரு வாசம் இருந்ததே. முகம் மண்ணில் கிடந்தபோது மூக்கில் ஏறிய ஒரு தித்திப்பு வாசம், பாகு காய்ச்சுகிற மாதிரி. அது ஒன்றுதான் அவளுக்குச் சொந்தமான ஞாபகம், யாரும் சொல்லிக் கொடுக்காதது. டாக்டரிடம் சொன்னாள், அவர் சிரித்தார். ஜெகாவிடம் சொன்னாள், அவன் சிரிக்கவில்லை, "மயக்க மருந்தா இருக்கும்டா" என்று சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் கத்தரித்துக் கழற்றிய தோல் உடுப்பை இரண்டாம் மாதம் சாக்கிலிருந்து எடுத்தபோது வலது தோளில் பிசுபிசுவென்று ஒரு திட்டு. குளுக்கோஸ் கொட்டியிருக்கும் என்று நினைத்து இடது கையால் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பச்சையாக இருந்ததே! குளுக்கோஸ் எங்கேயாவது பச்சையாக இருக்குமா? பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை, அவள் மூக்குக்கு முன்னால் கசிந்ததை அவளே சோப்புப் போட்டுச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். கூலண்ட். ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் திரவம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது வேண்டும், ட்ராக்கில் ஆகவே ஆகாது. வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். கூலண்ட் சிந்தினால் வெண்ணெய் தடவிய தரை, காயவும் காயாது. அவள் வண்டியில் அன்றைக்குத் தண்ணீர், அவளே ஊற்றினாள். அவளுக்கு முன்னால் போனது ஒரே வண்டி. விழுந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக் கூட்டிவிட்டார்கள், அவள் வண்டியும் ஆயில் கக்கிக்கொண்டு அங்கேயே கிடந்ததால் எது எவருடையது என்று எவரும் கேட்கவில்லை. "மெதுவாக்கா, மெதுவா! எதுக்கு இந்த அமுக்கு அமுக்கறீங்க?" பெனாசிர் பந்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இல்லை, அவன் வண்டியை நான்தானே பார்த்தேன். அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, ஜெகாவே கொண்டுவந்தது. தன் வண்டியைத் தானே சரி என்று சொல்லக் கூடாது, இன்னொருவர் பார்த்து மஞ்சள் டேப் ஒட்டினால்தான் வண்டி உள்ளே போகலாம். அன்றைக்கு அவன் வண்டியைப் பார்த்தவள் அவள். செயினைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தாள். முந்தின வாரம்தான் அவன் அதே வண்டியில் ஊட்டிக்குப் போய்வந்திருந்தான், பனியில் நிற்கிற படமெல்லாம் அனுப்பியிருந்தான். அதனால்தான் கேட்டாள். "தண்ணிதானே?" அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "தண்ணிதான்டா, கேக்கணுமா?" என்றான். கேட்கக் கூடாதுதானே, ஜெகா ஆயிற்றே. மூடியைத் திறக்காமலே டேப்பை ஒட்டினாள். நேரம் ஆகிவிட்டது, வரிசையில் முன்னால் நிற்க வேண்டும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் திறந்து விரலை விட்டுப் பார்த்திருப்பாள். இதற்கு மேல் என்ன சொல்ல? நம்பினால் இப்படித்தான். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. நினைக்கும்போதே காது மடல் சுட்டது. மூன்றாம் மாதம், குழுவுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டாளே. 'தப்பு என்னுதுதான். வளைவுல பிரேக் புடிச்சுட்டேன். எல்லாரும் மன்னிச்சுருங்க.' முதலில் வந்து இதயப் படம் போட்டவன் ஜெகா. ஒரு மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும். அவள் கேட்ட மன்னிப்பு! ஐந்து மாதமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அது பாசமா காவலா? அவள் எதை நினைவுபடுத்திக்கொள்கிறாள் என்று பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டானா? போன வாரம் காரில், "போதும்டா வாணி, உனக்குக் குடும்பம் இருக்கு, எதுக்கு ரிஸ்க்கு" என்று அவ்வளவு கனிவாகச் சொன்னான். அவள் கண்கலங்கித் தலையை ஆட்டினாள். உன் கையை நம்பாதே என்று அவன் சொல்ல, அவள் அவனை நம்பிக் கையை விட்டுவிட்டாள். ஒருவேளை எல்லாமே தப்பான கணக்கோ? கழுவி ஊற்றியாகிவிட்டது, ஒரு சொட்டு மிச்சமில்லை. ஒரு வாசமும் ஒரு கண்ணாடியும்தான். அதை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பழியைப் போடலாமா? அவன் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். மனதார, இல்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

"அவ்வளவுதானுங்க்கா. நல்லா வந்துருச்சு, இனி நீங்க எதை வேணா ஓட்டலாம்" என்று பெனாசிர் சிரித்தாள். வாணி கூடத்துக்கு வந்தாள். ஜெகா போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். அலமாரியிலிருந்து அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்து, குனிந்து வாரைப் பூட்டத் தொடங்கினான். தோள் பட்டையோடு குனிய முடியாத நாளில் ஆரம்பித்தது, இன்னும் அவன் விடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குப் பேரு குடுக்கணும்டா. நீ ஓட்ட வேண்டாம், சும்மா வந்து எங்ககூட உட்காரு, என்ன?" என்றான் குனிந்தபடியே. உச்சியில் அவனுக்கு முடி கொட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஜெகா, அன்னிக்கு உன் வண்டில தண்ணிதானே?"

வார் மேல் விரல்கள் நின்றன. தண்ணிதான் என்று சொல்லிவிடு, என்னடா கேள்வி இது என்று கோபப்படு, நான் உன் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கிறேன், சொல்லிவிடு என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஞாபகம் வந்துருச்சா?" என்றான்.

அவனே தொடர்ந்தான். "ஊட்டி போயிட்டு வந்து மாத்த நேரமில்லடா. ஒரு நாள்தானேன்னு இருந்துட்டேன். சொல்லணும் சொல்லணும்னுதான்..." அண்ணாந்து பார்த்தான். கண் சிவந்துதான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "குமரன்கிட்டச் சொல்லிட்டியா?"

கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"என் பேரச் சேர்த்துக்க. நான் ஓட்டறேன்."

"வாணி, அந்தக் கைய வெச்சுட்டு..."

"கைக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கும் ஒண்ணுமில்ல." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "குரூப்புல நான் மன்னிப்புக் கேட்டேன்ல, அதுக்குக் கீழ நடந்தத நீயே எழுது. இப்பவே எழுது."

அவன் பையிலிருந்து போனை எடுத்தான். எழுதத்தான் எடுக்கிறான் என்று அவள் நம்பினாள். இவ்வளவுக்குப் பிறகும் நம்பினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் அவன் முன்னால் வேண்டாம் என்று கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்கினாள். பாதிப் படியில் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"குமரா, எங்க இருக்க? ஒண்ணுமில்ல, நம்ம வாணிதான். கொஞ்சம் கொழம்பிப் போயிருக்கா, என்னென்னமோ பேசறா. அவ எது சொன்னாலும் நீ..."

அவள் திரும்பிப் படியேறினாள்.